கெட்ட செய்தி சொன்ன பிறகு டாக்டருக்கு என்ன ஆகிறது?

#1 ஆறாங்கட்டை டாக்டர் (சுங்கை சிப்புட்)

போன வாரம் மருத்துவச் செலவு இழையில் ஒருவர், "டாக்டர்களுக்கு மனசு மரத்துப் போச்சு, சாகப்போற சேதியைக்கூட நின்னபடியே சொல்லிட்டுப் போயிடுறாங்க" என்று எழுதியிருந்தார். அங்கேயே பதில் போட்டால் பேச்சு திசைமாறிவிடும் என்பதால் இந்தத் தனி இழை.

அரசு மருத்துவமனைகளில் பல வருடம் இருந்துவிட்டு இப்போது இங்கே சொந்தமாகக் கிளினிக் வைத்திருக்கிறேன். வருகிறவர்களில் பெரும்பாலானோர் தோட்டத்துக்காரர்கள், அல்லது தோட்டம் கைமாறிய பிறகு தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளுக்கு வந்து சேர்ந்தவர்கள். சளி, காய்ச்சல், எம்.சி. (நோய் விடுப்புச் சீட்டு) கேட்டு வருகிற கூட்டம்தானே, கிளினிக் டாக்டருக்கு என்ன பெரிய கெட்ட செய்தி என்று நினைப்பீர்கள். நடப்பது வேறு. ஈப்போவில் ஸ்கேன் எடுத்து, சதை எடுத்துச் சோதித்து, ஸ்பெஷலிஸ்ட் உட்கார வைத்துப் பேசியும் இருப்பார். அந்த அம்மாவுக்குப் பயத்தில் காது அடைத்துப் போயிருக்கும். தலையாட்டிவிட்டு, கடிதத்தைப் பையில் போட்டுக்கொண்டு, பஸ் ஏறி நேராக என்னிடம் வருவார். "என்னமோ சொன்னாங்க டாக்டரம்மா, ஒண்ணும் மண்டையில ஏறல. நீங்க சொல்லுங்க." உறையைப் பிரித்தால் நான்காம் நிலைப் புற்று.

இது அபூர்வம் இல்லை. 2012 முதல் 2016 வரைக்குமான தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின்படி, நம் மலேசியாவில் கண்டுபிடிக்கப்பட்ட புற்றுகளில் 63.7 விழுக்காடு மூன்றாம் அல்லது நான்காம் நிலையில்தான் தெரியவந்தன. அதாவது இங்கே பாதிக்கு மேல், செய்தி என்றாலே தாமதமான செய்தி.

சொல்லும் நேரம்தான் கஷ்டம் என்று வெளியிலிருந்து தோன்றும். என் அனுபவத்தில் அதற்கு முந்தைய கால் மணி நேரம் அதைவிட மோசம். கடிதம் மேசையில் இருக்கும், அவர் வெளியே உட்கார்ந்திருப்பார், நான் நடுவில் இரண்டு காய்ச்சல்காரர்களைப் பார்த்து முடிப்பேன், அவர்கள் சொன்னது பாதி காதில் விழாது. 1996-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஜாமா இதழில் வந்த ஒரு கட்டுரை இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டியது. டாக்டரின் பதற்றம் முன்கூட்டியே ஏற ஆரம்பித்து, சொல்லும்போது உச்சத்துக்குப் போய், சொன்னதும் இறங்கிவிடும். நோயாளிக்கோ உச்சம் அதற்குப் பிறகுதான். டாக்டர் "அப்பாடா, சொல்லியாச்சு" என்று மூச்சு விடுகிற நிமிடத்தில்தான் எதிரே இருப்பவருக்கு எல்லாமே தொடங்குகிறது. அந்த நிமிடத்தில் எழுந்து போகிற டாக்டரைத்தான் மனசு இல்லாதவர் என்கிறோம். பல பேர் மனசு இல்லாததால் எழுவதில்லை, தாங்க முடியாமல் எழுகிறார்கள். இரண்டும் நோயாளிக்கு ஒன்றுதான் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

நான் செய்வது இவ்வளவுதான். கடிதத்தில் சந்தேகம் இருந்தால் முதலில் போன் போட்டுக் கேட்டுவிடுவேன். அரைகுறையாகத் தெரிந்துகொண்டு பேசுவதுதான் பாதிப் பதற்றத்துக்குக் காரணம். கவுண்டர் பெண்ணிடம் கதவைத் தட்டாதே என்று சொல்லிவிடுவேன். கூட யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்பேன். "இதுவரைக்கும் உங்களுக்கு என்ன தெரியும்மா?" என்பேன். அதற்கு வருகிற பதிலிலேயே எங்கிருந்து தொடங்குவது என்று தெரிந்துவிடும். "செய்தி நல்லதா இல்லம்மா" என்று ஒரு வரி முன்னால் போட்டுவிட்டு விஷயத்தைச் சொல்வேன். அப்புறம் வாயை மூடிக்கொள்வேன். அதுதான் மிகக் கடினம். அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல்தான் டாக்டர்கள் மருந்துப் பெயரும் விழுக்காடும் அள்ளிக் கொட்டுகிறோம். அது நம்மை நாமே சமாதானப்படுத்திக்கொள்ளும் பேச்சு, நோயாளி ஒன்றையும் கேட்பதில்லை.

அவர் போன பிறகு அடுத்தவரை உடனே கூப்பிட மாட்டேன். பின்பக்கம் போய் முகம் கழுவி, என் மிஸ்ஸியிடம் (நர்ஸ்) நடந்ததை இரண்டு வரி சொல்வேன். அவர் ஒன்றும் சொல்ல மாட்டார், கேட்டுக்கொள்வார். அது போதும்.

மற்றவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? டாக்டர்கள் மட்டும் இல்லை, செய்தியைக் கேட்டவர்களும் எழுதலாம்.

#2 பால்வெட்டுக்காரர் மகன்

அந்த வரியை எழுதியவன் நான்தான். திருத்திக்கொள்ளும் எண்ணம் இல்லை.

என் அப்பா இருபது வயதில் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு வேலையில் சேர்ந்தவர். இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) முற்றிக் கிட்னிக்கு வந்துவிட்டது. ஒரு மருத்துவமனையில் (பெயர் வேண்டாம்) காலை ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் கட்டிலின் கால்மாட்டில் நின்று, ஃபைலைப் பார்த்துக்கொண்டே, "பாக்சிக், புவா பிங்காங் சுடா ரோசாக், காமு கெனா டயலிசிஸ்" (கிட்னி கெட்டுப்போச்சு, டயலிசிஸ் செய்யணும்) என்று மலாயில் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். வார்டில் எல்லாக் கட்டில்காரர்களும் கேட்டார்கள். அப்பா அன்றைக்கு முழுக்கப் பேசவில்லை. நான் வேலை முடிந்து போனபோது, "என்னைக் கூட்டிட்டுப் போயிடு, வீட்ல சாகுறேன்" என்றார். டயலிசிஸ் என்றால் கடைசிக் கட்டம், இரண்டு வாரத்தில் முடிந்துவிடும் என்று அவராகவே முடிவு கட்டியிருந்தார்.

டாக்டருக்கு மன அழுத்தம் இருக்கலாம், நான் மறுக்கவில்லை. பக்கத்திலேயே பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தது. அதை இழுத்துப் போட்டு உட்கார எத்தனை நொடி ஆகும்?

#3 ஆறாங்கட்டை டாக்டர்

இதற்கு வக்காலத்து வாங்க மாட்டேன். அப்பா இப்போது எப்படி இருக்கிறார்?

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். கெட்ட செய்தி சொல்கிற விதத்தை மூன்றாகப் பிரிப்பார்கள். பட்டென்று போட்டு உடைப்பது ஒன்று, படிப்படியாக முன்னறிவித்துச் சொல்வது ஒன்று, "இன்னும் ஒரு டெஸ்ட் பார்க்கலாம், அடுத்த மாதம் வாங்க" என்று இழுத்தடிப்பது ஒன்று. அப்பாவுக்கு நடந்தது முதல் வகை. மூன்றாவது வகையை யாரும் குறை சொல்வதில்லை, ஏனென்றால் டாக்டர் சிரித்துப் பேசுவார். ஆனால் இரண்டும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. சொல்கிறவர் தன் பதற்றத்திலிருந்து தப்பிக்கும் வழிகள்தான் அவை. என்னைக் கேட்டால் இழுத்தடிப்பதுதான் இன்னும் மோசம். ஆறு மாதம் போன பிறகு உண்மை தெரிகிறவர் எத்தனை பேர்.

கிட்னி விஷயத்தில் எனக்கு உதவுவது, அடுத்து என்ன என்பதைக் கையில் வைத்துக்கொண்டு பேசுவது. டயலிசிஸ் என்றால் வாரத்துக்கு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம். சொக்சோ (தொழிலாளர் காப்புறுதி) கட்டியவராக இருந்தால் செலவுக்கு விண்ணப்பிக்க வழி இருக்கிறது. எங்கே சென்டர், யார் ஏற்றிப் போவது. இதை எல்லாம் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால் "எல்லாம் முடிந்தது" என்று சொல்லும் நிலைமை எனக்கும் வராது, அவரும் அப்படி எடுத்துக்கொள்ள மாட்டார். 2019 சுகாதார ஆய்வில் மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் என்று வந்தது. நாட்டின் சராசரி 18.3. இந்த ஊரில் கிளினிக் வைத்திருப்பவர் கிட்னிச் செய்தியும் கால் எடுக்க வேண்டிய செய்தியும் சொல்லாமல் இருக்க முடியாது. தாளாவது தயாராக இருக்கட்டும்.

#4 இரவு ஷிப்ட்

டாக்டர், நான் ஹவுஸ்மேன் (பயிற்சி டாக்டர்). எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன். இந்த இழையை ஒரே மூச்சில் படித்தேன்.

நீங்கள் சொல்கிற கால் மணி நேரம் எங்களுக்குக் கிடையாது. ராத்திரி மூன்று மணிக்கு சி.பி.ஆர். (நெஞ்சை அழுத்தி உயிர் மீட்கும் முயற்சி) பலிக்காமல் இறந்த நேரம் குறித்ததும், "நீ போய் குடும்பத்துக்கு போன் பண்ணு" என்பார்கள். வரிசையில் கடைசியில் இருப்பவர்தானே போன் பண்ண வேண்டும். படிப்பில் ஒரே ஒரு நாள் இதற்கு வகுப்பு நடந்தது, சக மாணவி நோயாளியாக நடித்தாள், நாங்கள் சிரித்தோம்.

போனில் என்ன சொல்வது என்பதுதான் எனக்கு இன்னும் புரியவில்லை. இறந்துவிட்டார் என்று சொன்னால் தனியாக இருக்கிற மனைவி என்ன ஆவார்? "நிலைமை மோசம், உடனே வாங்க" என்றால் மகன் மோட்டாரில் பறந்து வருவான், அவனுக்கு ஏதாவது ஆனால்? வந்த பிறகு "அப்பவே போயிட்டாரா? ஏன் பொய் சொன்னீங்க?" என்று கேட்பவர்களும் உண்டு.

அப்புறம் தூக்கம். ஷிப்ட் முடிந்து அறைக்குப் போனால் அந்தக் குரல்தான் கேட்கிறது. என் கூட இருப்பவர்கள் சிலர் ஜோக் அடிக்கிறார்கள். எனக்கு அது வரவில்லை.

#5 ஆறாங்கட்டை டாக்டர்

போன் விஷயத்தில் ஆளுக்கொரு கருத்து உண்டு. என் வழி இது: முதலில் "யார்கூட இருக்கீங்க? பக்கத்துல யாராவது இருக்காங்களா?" என்று கேள். இருந்தால் அவரைப் பக்கத்தில் கூப்பிடச் சொல். நேராகக் கேட்டால் நேராகச் சொல்லிவிடு. கேட்டும் மழுப்பினால் அதை அவர்கள் ஆயுசுக்கும் மறக்க மாட்டார்கள். "அவசரம் இல்லை, யாரையாவது வண்டி ஓட்டச் சொல்லி நிதானமா வாங்க, நான் வார்டிலேயே இருப்பேன்" என்று முடி. சொன்னபடி இரு. ஷிப்ட் முடிந்துவிட்டால் அடுத்தவரிடம் பெயர் சொல்லி ஒப்படைத்துவிட்டுப் போ.

தூக்கத்தைப் பற்றி வேறு யாராவது எழுதட்டும். எனக்குத் தெரிந்தவர்களைக் கூப்பிட்டிருக்கிறேன்.

#6 பழைய டிரெஸர்

தூக்கம் பற்றி எழுதத்தான் வந்தேன், ஆனால் எங்கள் காலத்திலிருந்து ஆரம்பித்தால்தான் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

1970-களில் பேராக்கில் ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸராக (மருத்துவ உதவியாளர்) சேர்ந்தேன். எங்களைப் பதிவு செய்ய 1965-லேயே தனிச் சட்டம் உண்டு. டாக்டர் வாரத்தில் ஒரு நாள் காரில் வருவார், லைன் கட்டி நிற்பவர்களைப் பார்ப்பார், ஃபைலில் எழுதுவார், போய்விடுவார். எழுதியதைத் தமிழில் சொல்கிற வேலை என்னுடையது. பிரசவத்தில் பிள்ளை போனதும் நான்தான் சொல்ல வேண்டும், காசநோய் என்று வந்தாலும் நான்தான். சொல்லிவிட்டு எங்கே போவது? என் குவார்ட்டர்ஸுக்கும் லயத்துக்கும் (தொழிலாளர் வரிசை வீடுகள்) நடுவே ஒரு வாய்க்கால்தான். மறுநாள் விடியக்காலம் பெரட்டுக் களத்தில் (வேலைக்குப் பெயர் கூப்பிடும் இடம்) அதே புருஷன் நிற்பான். மாலையில் கோயிலில் அதே பொம்பளை நிற்கும். ஒளிய இடமே கிடையாது.

ஆரம்பத்தில் அதுதான் பெரிய வாதையாக இருந்தது. சிலர் கள்ளுக்கடையில் போய் மறந்தார்கள். என் சீனியர் ஒருவர் அப்படித்தான் கெட்டார். ஆனால் போகப் போக எனக்கு வேறு ஒன்று தெரிந்தது. பட்டணத்து டாக்டர் செய்தியைச் சொல்கிறார், அந்த முகம் உடைந்து போவதைப் பார்க்கிறார், அதோடு அவர் கதை முடிகிறது. அவர் மனசில் அந்த முகம் அப்படியே உடைந்த முகமாகவே தங்கிவிடும். நான் அதே ஆளை மூன்றாம் மாதம் சந்தையில் மீன் பேரம் பேசுவதாகப் பார்த்தேன். அடுத்த தீபாவளிக்கு முறுக்குக் கொண்டுவந்து கொடுத்தார்கள். பிள்ளை போன பொம்பளை இரண்டு வருடம் கழித்து வேறு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊசி போட வந்தது. அதைப் பார்த்துவிட்டால் ராத்திரி அந்தக் குரல் வருவது குறைந்துவிடும். முழுக்க நிற்காது, குறையும்.

அதனால் ஹவுஸ்மேன் தங்கச்சிக்கு நான் சொல்வது: முடிந்தால் ஒரு குடும்பத்தையாவது பிறகு ஒரு தடவை பார். கிளினிக்குக்கு வரும்போது போய் நலம் விசாரி. இறந்த வீட்டுக்கு ஒரு போன். ஜோக் அடிக்கிறவர்களைத் தப்பாக நினைக்காதே. அவர்களுக்கும் அதே குரல்தான் கேட்கிறது.

இன்னொன்று. நான் நேராக நோயாளியிடம் போக மாட்டேன். லயத்தில் ஒரு மூத்த பாட்டியம்மா இருப்பார். அவரிடம் முதலில் சொல்லி, அவரையும் கூட்டிக்கொண்டு போவேன். இப்போது இதைச் செய்தால் ரகசியம் காக்கவில்லை என்று கேஸ் போடுவார்கள். போடட்டும், அதுவும் நியாயம்தான். ஆனால் செய்தி கேட்டவர் அன்றைக்கு ராத்திரி தனியாகப் படுக்கவில்லை.

#7 இரவு ஷிப்ட்

ஐயா, நன்றி. வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

#8 மிஸ்ஸி அக்கா

டிரெஸர் ஐயா எழுதியதைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. ஐயா மேல் இல்லை. அந்த வேலை இன்னும் முடியவில்லை என்பதில்.

நான் ஸ்டாஃப் நர்ஸ். வார்டில் தமிழ் மட்டும் பேசுகிற பாட்டி ஒருவர் இருந்தால், வேறு வார்டிலிருந்து என்னைக் கூப்பிடுவார்கள். "சிஸ்டர், தோலோங் செக்கெஜாப்" (கொஞ்சம் உதவுங்கள்) என்பார்கள். போனால் டாக்டர் மலாயில் மூன்று வரி சொல்வார். என்ன விஷயம் என்று எனக்கு முன்னால் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பாட்டிக்குத் தெரியும் அதே நொடியில்தான் எனக்கும் தெரியும். நான் சொல்ல வேண்டும். பாட்டி டாக்டரைப் பார்த்து அழுவதில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டுதான் அழுவார். "நீ சொல்லும்மா, பொழைப்பேனா?" டாக்டர் கடிகாரத்தைப் பார்ப்பார், "தெரிமா காசே" (நன்றி) சொல்லிவிட்டுப் போவார். நான் என் வார்டுக்குத் திரும்பும்போது மருந்து கொடுக்கும் நேரம் தாண்டியிருக்கும், அதற்கும் திட்டு.

நான் இல்லாத நாள்களில் இதைவிட மோசம். பாட்டியின் பேத்தியைச் சொல்லச் சொல்வார்கள். யூனிஃபார்மோடு வந்த செகண்டரிப் பிள்ளை. அது என்ன சொல்லும்? "பாட்டி, ஒண்ணும் இல்லையாம், மருந்து குடிச்சா சரியாயிடுமாம்." பிறகு வாழ்நாள் முழுக்க அந்தப் பொய்யை வைத்துக்கொண்டு என்ன செய்யும்?

மன அழுத்தம் என்று கூட்டம் போடுவார்கள், டாக்டர்களைக் கூப்பிடுவார்கள். செய்தி யார் வாயிலிருந்து போனதோ அவரை யாரும் கூப்பிட்டதில்லை.

#9 ஆறாங்கட்டை டாக்டர்

அக்கா, நூற்றுக்கு நூறு. தெரிந்துகொள்ள வேண்டிய டாக்டர்களுக்காக எழுதுகிறேன்: மொழிபெயர்க்க ஒருவரைக் கூப்பிட்டால், உள்ளே போவதற்கு முன் வராந்தாவில் நிறுத்தி விஷயத்தைச் சொல்லுங்கள். "இதைச் சொல்லப் போகிறேன், உங்களால் முடியுமா?" என்று கேளுங்கள். முடியாது என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு. ஒரு தடவைக்கு ஒரே வரி. முடிந்ததும் அவரோடு சேர்ந்தே வெளியே வாருங்கள், தனியாக விட்டுவிட்டு ஓடாதீர்கள். பிள்ளைகளை இந்த வேலைக்கு ஒருபோதும் வைக்காதீர்கள்.

#10 ஓய்வு வாத்தியார்

எல்லாரும் சொல்வதைப் பற்றியே பேசுகிறீர்கள். ஏன் சொல்ல வேண்டும்? என் மனைவிக்கு ஈரல் புற்று என்று வந்தபோது பிள்ளைகள் டாக்டர் கையைப் பிடித்து, அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். அவரும் சொல்லவில்லை. "வயித்துப் புண்ணு" என்று சொல்லியே கடைசிவரை நிம்மதியாக இருந்தாள். டாக்டருக்கும் அழுத்தம் இல்லை, அவளுக்கும் இல்லை. மேல்நாட்டு வழக்கத்தை எல்லாம் இங்கே கொண்டுவந்து ஏன் வயதானவர்களைக் கலங்கடிக்க வேண்டும்?

#11 ஆறாங்கட்டை டாக்டர்

வாத்தியார் ஐயா, உங்கள் இழப்புக்கு என் வருத்தம். ஆனால் இதில் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை.

முதலில், மறைப்பது நம் வழக்கம், சொல்வது மேல்நாட்டு வழக்கம் என்பது சரியில்லை. அமெரிக்காவில் 1961-ல் கேட்டபோது பத்து டாக்டர்களில் ஒன்பது பேர் புற்று என்பதை நோயாளியிடம் சொல்ல மாட்டோம் என்றார்கள். 1979-ல் அதே கேள்விக்கு 97 விழுக்காட்டினர் சொல்வோம் என்றார்கள். அவர்களும் ஒரு தலைமுறைக்குள் மாறியவர்கள்தான்.

இரண்டாவது, மறைத்தால் டாக்டருக்கு அழுத்தம் இல்லை என்கிறீர்கள். சொல்லுகிற நாளில் எனக்கு ஒரு மணி நேரம் கஷ்டம். மறைக்கிற நோயாளி என்றால் ஒவ்வொரு தடவை அவர் கதவைத் திறக்கும்போதும் கஷ்டம். என் கிளினிக்கில் ஒரு அம்மா, மகன்கள் வெளியே போன கணத்தில் குரலைத் தாழ்த்தி, "எனக்குத் தெரியும் டாக்டர், பசங்களுக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டானுங்க, நீங்க சொல்லிடாதீங்க" என்றார். வெளியே மகன்கள் என்னிடம் அதையேதான் கேட்டிருந்தார்கள். ஒரே வீட்டில் எல்லாரும் எல்லாரையும் காப்பாற்ற நடிக்கிறார்கள், நடுவில் நான் இரண்டு பக்கமும் வேஷம் போட வேண்டியிருந்தது.

இப்போது குடும்பம் அப்படிக் கேட்டால் சண்டை போட மாட்டேன். "உங்களுக்கு என்ன பயம்?" என்று முதலில் கேட்பேன். பெரும்பாலும் அழுது சாப்பிடாமல் போய்விடுவார் என்பதுதான் பயமாக இருக்கும். அப்புறம், "நானாகப் போய்ச் சொல்ல மாட்டேன், ஆனால் அவர் என்னிடம் கேட்டால் பொய் சொல்ல மாட்டேன்" என்று சொல்லிவிடுவேன். நோயாளியிடம், "உங்க ரிப்போர்ட் வந்திருக்கு, எவ்வளவு தெரிஞ்சுக்கணும்னு நினைக்கிறீங்க? இல்ல, மகன்கிட்ட பேசிக்கவா?" என்று கேட்பேன். "மகன்கிட்டயே பேசுங்க" என்று சொல்கிறவர்களும் நிறைய உண்டு. அது அவர்கள் முடிவு, சந்தோஷமாக ஏற்றுக்கொள்வேன். ஸ்பைக்ஸ் என்று 2000-ல் வந்த ஆறு படி முறையிலும் இது ஒரு தனிப் படி. முதலில் அவருக்கு என்ன தெரியும் என்று கேள், அடுத்து எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று கேள், அதற்குப் பிறகே சொல்.

#12 ஓய்வு வாத்தியார்

அவள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. தெரிந்திருக்குமோ என்னவோ. சரி, விடுங்கள்.

#13 மனநல எம்.ஓ.

டாக்டரம்மா கூப்பிட்டதால் வந்தேன். ஹவுஸ்மேன் தங்கைக்கு.

குரல் கேட்பது, ஒரு வாரம் தூக்கம் கெடுவது, திடீரென்று குளியலறையில் அழுகை வருவது, இதெல்லாம் நோய் இல்லை. ஒருவர் இறந்ததைப் பார்த்து, அதை வேறொருவரிடம் சொன்ன மனுஷிக்கு வர வேண்டியதுதான் வந்திருக்கிறது. நான் கவலைப்படுவது வேறு அடையாளங்களுக்கு. எதிலும் ஒட்டாத களைப்பு, நோயாளியைக் கட்டில் எண்ணாக மட்டும் பார்ப்பது, "நான் செய்வதால் ஒரு பயனும் இல்லை" என்ற எண்ணம். எரிந்து தீர்ந்துபோவதை (பர்ன்-அவுட்) அளக்க 1981-ல் மாஸ்லாக் என்ற உளவியலாளர் உருவாக்கிய கேள்வித்தாள் பார்ப்பது இந்த மூன்றைத்தான். இவை வாரக்கணக்கில் நீடித்தால், அல்லது செத்துப்போகலாம் என்று தோன்றினால், உடனே பேசு. சுகாதார அமைச்சின் மனநல உதவித் தொலைபேசி, தாலியான் ஹீல் 15555 இருக்கிறது. உன் மருத்துவமனைக்குத் தெரியக்கூடாது என்றால் போனில் மனசுவிட்டுப் பேச பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பைக் கூப்பிடலாம், பெயர் சொல்ல வேண்டியதில்லை.

மற்றபடி உதவுவது பேச்சுதான். அதுவும் அதே நாளில், அங்கே இருந்தவர்களோடு. லண்டனில் 1950-களில் மைக்கேல் பாலின்ட் சாதாரணக் குடும்ப டாக்டர்களை வட்டமாக உட்கார வைத்து, மனசை அரிக்கிற ஒரு நோயாளியைப் பற்றிப் பேசச் சொன்னார். மருந்தைப் பற்றி இல்லை, அந்த நோயாளி தனக்குள் என்ன செய்தார் என்பதைப் பற்றி. பாஸ்டனில் கென்னத் ஷ்வார்ட்ஸ் என்ற வழக்கறிஞர் நுரையீரல் புற்றில் 1995-ல் இறந்தார். நர்ஸும் டாக்டரும் காட்டிய சின்னச் சின்ன அன்புதான் தன்னைத் தாங்கியது என்று எழுதிவைத்தார். அவர் பெயரில் தொடங்கிய கூட்டங்களில் டாக்டர், நர்ஸ், வார்டு கூட்டுகிறவர் எல்லாரும் ஒரே அறையில் உட்கார்ந்து பேசுவார்கள். மிஸ்ஸி அக்கா கேட்டது அதைத்தான்.

நேர்மறைச் சிந்தனை என்று ஒருவரை அழைத்துவந்து பலகாரத்தோடு நடத்துகிற பட்டறைகளில் எனக்கு நம்பிக்கை இல்லை. ரோஸ்டரில் ஆள் இல்லாமல் ஒருத்தி மூன்று பேர் வேலை பார்க்கும்போது அவளுக்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுப்பது எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஒப்பந்த டாக்டர்கள் 2021 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்தபோது கேட்டதில் பாதி, நாளைக்கு வேலை இருக்குமா என்பதுதான். அந்தப் பயத்தோடு நிற்கிறவரிடம் நிதானமாக உட்கார்ந்து சொல் என்றால் எப்படி? ஆனாலும் நாற்காலி விஷயத்தில் பால்வெட்டுக்காரர் மகன் சொன்னதுதான் சரி. அதற்கு ரோஸ்டர் மாற வேண்டியதில்லை.

#14 பால்வெட்டுக்காரர் மகன்

டாக்டரம்மா கேட்டதற்குப் பதில்: அப்பா இப்போது டயலிசிஸ் போகிறார், செவ்வாய், வியாழன், சனி. சென்டரில் சீட்டாட ஒரு கூட்டம் சேர்ந்திருக்கிறது. அங்கே இருக்கிற வயதான மிஸ்ஸி ஒருவர்தான் முதல் நாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, இது சாவு இல்லை என்று புரியவைத்தார். என் கோபம் குறைந்ததா என்றால் இல்லை. ஆனால் அந்த டாக்டர் அன்றைக்கு எத்தனையாவது கட்டிலில் இருந்தார் என்று இப்போதுதான் யோசித்தேன்.

ஒரு கேள்வி. அப்பாவோடு டயலிசிஸ் வருகிற ஒருவருக்குப் புற்றும் இருக்கிறது, இனி வைத்தியம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் வலியோடு கிடக்கிறார். "இனி ஒன்றும் செய்ய முடியாது" என்றால் உண்மையிலேயே ஒன்றும் இல்லையா?

#15 ஆறாங்கட்டை டாக்டர்

இருக்கிறது. அந்த வரியை டாக்டர்கள் சொல்லக்கூடாது என்பேன். நோயை மாற்ற முடியாவிட்டாலும் வலியைக் குறைக்கலாம். வீட்டுக்கே வந்து பார்க்கிற அமைப்புகள் உண்டு. ஈப்போ பக்கம் பேராக் பெலியேட்டிவ் கேர் சொசைட்டி, கிள்ளான் பள்ளத்தாக்கில் 1991 முதல் ஹோஸ்பிஸ் மலேசியா. அவரைப் பார்க்கும் டாக்டரிடம் ரிஃபரல் கடிதம் கேட்கச் சொல்லுங்கள். மறுத்தால் என் கிளினிக்குக்கு அனுப்புங்கள், நான் எழுதித் தருகிறேன். இப்படி அனுப்ப ஓர் இடம் இருக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து எனக்கே அந்தக் கால் மணி நேரம் கொஞ்சம் லேசானது.

மனநல எம்.ஓ. சொன்ன மாதிரி வட்டம் ஒன்றை இங்கே ஆரம்பித்தால் என்ன? மாதத்துக்கு ஒரு தடவை, என் கிளினிக் மாடியில் இடம் இருக்கிறது. வெள்ளி மாலை எட்டு மணிக்குக் கூடலாம். இந்தப் பக்கத்து டாக்டர்கள் யார் யார் வருவீர்கள்?

#16 பழைய டிரெஸர்

பழைய ஆள்களுக்கும் இடம் உண்டென்றால் வருவேன். பலகாரம் வேண்டாம், தே தாரிக் போதும்.

#17 இரவு ஷிப்ட்

நான் தூரத்தில் இருக்கிறேன். போனில் சேரலாம் என்றால் சேர்கிறேன், முகம் காட்ட மாட்டேன்.

#18 மிஸ்ஸி அக்கா

வெள்ளி எட்டு மணி எனக்கு ஷிப்ட். ஞாயிறு மத்தியானம் வையுங்கள். அப்புறம் டாக்டரம்மா, உங்கள் கடைசி வரியைத் திருத்துங்கள். "டாக்டர்கள் யார் யார்" என்று போட்டால் என் வார்டிலிருந்து ஒருத்தியும் வர மாட்டாள்.